குப்பை லாரிக்காரர்கள் கோரஸ் பாடும் படம், டிவிடிக்கு வர ஏன் இரண்டரை வருடம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஜான் டர்ட்டுரோ எழுதி இயக்கிய ‘ரொமான்ஸ் அண்ட் சிகரெட்ஸ்’ 2005 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. அமெரிக்காவில் அதன் டிவிடி வந்ததோ 2008 பிப்ரவரியில். நடுவில் என்ன நடந்தது? படம் முழுக்கப் பழைய பிரபலமான பாட்டுகள் என்பதால் பாட்டு உரிமையில் சிக்கலா? இப்போது அந்தத் தட்டைத் தேடிப்பிடித்து வாங்குவது உருப்படியான காரியமா?

சுருக்கமாகச் சொன்னால், படத்தை முடக்கியது பாட்டு இல்லை, கம்பெனி கைமாறியதுதான். ஆனாலும் பாட்டு உரிமை பற்றிய சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. இந்த வகைப் படங்கள் வீட்டுக்கு வந்து சேருமா, வந்தாலும் முழுசாக வருமா என்பதெல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா என்றால், வாங்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்காகவே வாங்கலாம்.

படம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி. நெருக்கியடித்த சின்ன வீடுகள், சத்தம் போட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும் தெரு. நிக் மர்டர் இரும்புக் கட்டுமான வேலை பார்க்கிறவன்; நடித்தவர் ஜேம்ஸ் கண்டோல்ஃபினி. மனைவி கிட்டி தையல்காரி, சூசன் சரண்டன். மூன்று பெண் பிள்ளைகள். நிக்குக்கு ஒரு சின்னவீடு இருக்கிறது: உள்ளாடைக் கடையில் வேலை பார்க்கும், செம்பட்டை முடியும் கெட்ட வாயும் கொண்ட துலா. அது கேட் வின்ஸ்லெட். அவளுக்கு அவன் எழுதிய கவிதை கிட்டியின் கையில் சிக்குகிறது. அதுவும் பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி வாசிக்க முடியாத கவிதை. வீட்டில் பூகம்பம்.

சண்டை முற்றி நிக் வாசலுக்கு வருகிறான். தொந்தியும் தொய்ந்த முகமுமாக, யாருக்கும் நியாயம் சொல்ல முடியாத நிலையில் நிற்கிற ஆள். திடீரென்று ‘எ மேன் வித்தவுட் லவ்’ பாட்டு ஆரம்பிக்கிறது. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் 1968 இசைத்தட்டுதான், அசலேதான். அதன் மேலேயே நிக்கும் பாடுகிறான். தெருவில் குப்பை அள்ளுகிறவர்கள் கோரஸில் சேர்ந்துகொள்கிறார்கள், அக்கம்பக்கத்து ஆட்கள் ஆடுகிறார்கள். துரோகம் செய்தவன் இவன். ‘அன்பில்லாமல் தவிக்கிறேன்’ என்று பாடுகிறவனும் இவனே. பார்க்கிற நமக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்திலேயே படம் எந்த ஜாதி என்று தெரிந்துவிடும். (இந்த ஹம்பர்டிங்க் 1936-ல் நம் மதராஸில் பிறந்தவர் என்பது உபரித் தகவல். இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்ஸி.)

இங்கே டர்ட்டுரோ செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும், பின்னால் உரிமை பற்றிப் பேசும்போது உதவும். நம் சினிமாவில் நடிகர் வாயசைப்பார், பாடகர் பாடுவார், இரண்டும் ஒன்று என்று நாம் ஒத்துக்கொண்டு பார்ப்போம். எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு வேறு விதமாகவும் டி.எம்.எஸ். பாடியது அந்த ஒப்பந்தத்துக்காகத்தான். ஹாலிவுட் மியூசிக்கலில் பெரும்பாலும் நடிகரே பாடுவார், அல்லது பின்னணிக் குரல் தெரியாதபடி மறைப்பார்கள். டர்ட்டுரோ இரண்டையும் செய்யவில்லை. அசல் இசைத்தட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் மேல் நடிகர்கள் தங்கள் சொந்தக் குரலில், கொஞ்சம் பிசிறோடு, கூடவே பாடுகிறார்கள். அடுப்படியில் ரேடியோ பாட அதோடு சேர்ந்து பாடுகிற வீட்டுப் பெண்மணி மாதிரி. பெரிய பாடகனின் குரலுக்கு அடியில் ஒரு சாதாரண ஆளின் குரல் ஒட்டிக்கொண்டு வருகிறது. சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர்கள் கடன் வாங்கிய பாட்டில் பேசுகிறார்கள் என்பதுதான் படத்தின் உயிர். கள்ள உறவில் இருக்கிறவன் வாயில் வருகிற வசனமெல்லாம் எங்கோ கேட்டதாகத்தானே இருக்கும்?

டர்ட்டுரோவுக்கு இந்த யோசனை வந்த இடமும் சுவையானது. 1991-ல் வந்த ‘பார்ட்டன் ஃபிங்க்’ படத்தில் அவர் எழுத வராமல் தவிக்கும் திரைக்கதை எழுத்தாளராக நடித்தார். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து எதையாவது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தட்டியதில்தான் இந்தப் படத்தின் விதை விழுந்தது. அந்தப் படத்தை எடுத்த கோயன் சகோதரர்கள் பிறகு இதற்கு நிர்வாகத் தயாரிப்பாளர்களாக வந்தார்கள். விதைக்கும் அறுவடைக்கும் நடுவில் பதினாலு வருடம்.

சரி, இப்போது தாமதத்துக்கு வருவோம். படத்தை அமெரிக்காவில் வெளியிட வேண்டியது யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ். அது எம்.ஜி.எம். என்ற பழைய ஹாலிவுட் ஸ்டூடியோவின் குடையின் கீழ் இருந்த நிறுவனம். 2005 ஏப்ரலில் சோனி தலைமையிலான ஒரு கூட்டமைப்பு எம்.ஜி.எம்.மையே ஏறத்தாழ 500 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த மாதிரி கைமாற்றம் நடக்கும்போது பழைய நிர்வாகம் ஆசைப்பட்டு எடுத்த படங்கள் அனாதையாகிவிடும். புதிதாக வந்தவர்களுக்கு அது யாரோ பெற்ற பிள்ளை. ஓடினால் பெயர் பழைய ஆளுக்கு, ஓடாவிட்டால் நஷ்டம் புது ஆளுக்கு. அப்படியிருக்க, இரும்புத் தொழிலாளி பாட்டுப் பாடிக்கொண்டே சின்னவீட்டுக்குப் போகிற, பச்சையாகப் பேசுகிற ஒரு படத்துக்கு யார் விளம்பரச் செலவு செய்வார்கள்?

அந்த வருட வெனிஸ் போட்டிப் பிரிவில்தான் இது இருந்தது. தங்கச் சிங்கம் என்ற முதல் பரிசை வாங்கியது ‘புரோக்பேக் மவுண்டன்’. அதுவும் கல்யாணத்துக்கு வெளியே போகிற காதல் கதைதான். அது அங்கிருந்து ஆஸ்கர் மேடைக்குப் போயிற்று. இது அலமாரிக்குப் போயிற்று. பிரிட்டனில் 2006-ல் தியேட்டருக்கு வந்தது, வேறு சில நாடுகளிலும் வந்தது, சொந்த ஊரில் மட்டும் வரவில்லை.

கடைசியில் டர்ட்டுரோ தானே வெளியிட்டுக்கொள்வதாகச் சொல்லி அனுமதி வாங்கினார். 2007 செப்டம்பரில் நியூயார்க்கின் ஃபிலிம் ஃபோரம் தியேட்டரில் படம் வந்தது. பிறகு ஊர் ஊராக, ஒரு நேரத்தில் சில தியேட்டர்கள். சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரம், அதாவது அவர் வழக்கத்தில் முழு மதிப்பெண், கொடுத்தார். அப்படியும் அமெரிக்காவில் மொத்த வசூல் சுமார் 5.5 லட்சம் டாலர்தான். இத்தனை பெரிய நடிகர்கள் இருக்கிற படத்துக்கு அது டீக்காசு.

அப்புறம் ஐந்தே மாதத்தில் டிவிடி வந்துவிட்டது. வெளியிட்டது யார்? சோனியின் ஹோம் வீடியோ பிரிவு. தியேட்டருக்குக் கொண்டுவராத அதே வீடுதான். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் கணக்கு சரியான கணக்கு. தியேட்டர் வெளியீடு என்றால் பிலிம் பிரிண்ட், நாளிதழ் விளம்பரம், டிவி விளம்பரம் என்று முதலிலேயே பணத்தைக் கொட்ட வேண்டும். தட்டு அடிக்கச் செலவு சொற்பம். கடை அலமாரியில் அதை விற்றுக்கொடுப்பது அட்டைப்படம். இந்தப் படத்தின் அட்டையில் கண்டோல்ஃபினி, சரண்டன், வின்ஸ்லெட் என்று மூன்று பெயர் போட்டாலே போதும். கண்டோல்ஃபினி குண்டர் தலைவன் டோனியாக நடித்த ‘தி சொப்ரானோஸ்’ டிவி தொடர் 2007 ஜூனில்தான் முடிந்திருந்தது. டோனி சொப்ரானோவை வாரம் தவறாமல் பார்த்துப் பழகியவர்கள் அடுத்து என்ன பார்க்கலாம் என்று தேடிக்கொண்டிருந்த நேரம். அந்த ரசிகர்களில் எத்தனை பேர் குண்டர் படம் என்று நினைத்து வாங்கிப்போய், அவர் பாட ஆரம்பித்ததும் திகைத்திருப்பார்கள் என்று யோசித்தாலே சிரிப்பு வருகிறது.

காலத்தையும் நினைவில் வையுங்கள். அதே 2008 பிப்ரவரியில்தான் தோஷிபா, ப்ளூ-ரே தட்டுக்குப் போட்டியாக இருந்த எச்.டி. டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது, ப்ளூ-ரே ஜெயித்தது. டிவிடி என்ற சரக்கு உச்சியில் இருந்து இறங்கத் தொடங்கிய நேரம். இன்னும் நாலைந்து வருடம் அலமாரியிலேயே கிடந்திருந்தால் இந்தப் படத்துக்குத் தட்டு என்று ஒன்று அமைந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இனி பாட்டு உரிமை. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு பழைய பாட்டைப் படத்தில் பயன்படுத்த இரண்டு பூட்டைத் திறக்க வேண்டும். முதல் பூட்டு, பாட்டு என்கிற படைப்பு: மெட்டும் வரிகளும். அது எழுதியவர்களிடமோ அவர்களின் பதிப்பகத்திடமோ இருக்கும். அதைத் திறக்கும் சாவிக்குத் தொழிலில் சிங்க் லைசன்ஸ் என்று பெயர். இரண்டாவது பூட்டு, குறிப்பிட்ட ஒலிப்பதிவு: இந்தப் பாடகர், இந்த வருடம், இந்த ஸ்டூடியோவில் பாடியது. அது ரெக்கார்டு கம்பெனியிடம் இருக்கும். சாவி மாஸ்டர் லைசன்ஸ். நடிகரையே புதிதாகப் பாட வைத்தால் முதல் சாவி மட்டும் போதும். டர்ட்டுரோ செய்த மாதிரி அசல் தட்டை ஓடவிட்டு அதன் மேல் பாட வைத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு சாவியும் வேண்டும். டாம் ஜோன்ஸ், ஜேம்ஸ் பிரவுன், ஸ்ப்ரிங்ஸ்டீன் என்று பட்டியல் நீள நீள சாவிக்கொத்தும் கனக்கும். செலவு பிடிக்கிற வழியைத்தான் தெரிந்தே எடுத்திருக்கிறார். நம் ஊரிலும் இந்தப் பஞ்சாயத்து புதிதல்ல. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு வந்ததும் 2024-ல் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது நினைவிருக்கும். யார் கையில் எந்தச் சாவி என்பதுதான் அங்கேயும் கேள்வி.

சாவி வாங்கினாலும் அது எந்தக் கதவுக்கு என்பது தனி விஷயம். விழாவில் காட்ட ஒரு விலை, தியேட்டருக்கு ஒரு விலை, டிவிக்கு ஒன்று, வீட்டு வீடியோவுக்கு ஒன்று. பணமில்லாதவர்கள் விழாவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, படம் விலைபோனால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பார்கள்.

பழைய படங்களுக்கு இதைவிட மோசம். வீடியோ கேசட் என்ற ஒன்றே புழக்கத்தில் இல்லாத காலத்தில் போட்ட ஒப்பந்தத்தில் வீடியோ எப்படி இருக்கும்? இது கோர்ட்டுக்கே போனது. ஹாஸ்கல் வெக்ஸ்லரின் 1969 படம் ‘மீடியம் கூல்’. அதில் வரும் ஒரு பாட்டுக்குத் தியேட்டரிலும் டிவியிலும் காட்ட அனுமதி இருந்தது. பின்னாளில் பாராமவுண்ட் அதைக் கேசட்டாக விற்றது. விற்றது 2,700 சொச்சம் கேசட்தான், கோடிக்கணக்கில் இல்லை. பாட்டின் உரிமையாளர் ஹெர்பர்ட் கோஹன் வழக்குப் போட்டார். வீட்டில் கேசட் போட்டுப் பார்ப்பதும் டிவியில் பார்ப்பது மாதிரிதானே என்பது கம்பெனியின் வாதம். கீழ்க்கோர்ட் அதை ஒத்துக்கொண்டது. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் போட்டபோது யாருக்கும் தெரியாத ஒரு பொருளுக்கு அனுமதி கொடுத்ததாகக் கருத முடியாது என்றது. இப்போதைய ஒப்பந்தங்களில் ‘இன்று இருக்கும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்களிலும்’ என்று எழுதுகிறார்களே, அந்த வரியின் மேல் வக்கீல்களுக்கு அவ்வளவு பாசம் வந்ததற்கு இந்த மாதிரி வழக்குகள்தான் காரணம்.

விளைவு என்ன? ரேடியோ நிலையத்தைப் பற்றிய ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ என்ற காமெடித் தொடர் 2007-ல் டிவிடியாக வந்தபோது அசல் பாட்டுகள் பலவற்றை எடுத்துவிட்டு வேறு இசையை ஒட்டியிருந்தார்கள். ரேடியோ தொடரில் ரேடியோ பாட்டே இல்லை! சார்ல்ஸ் பர்னெட் பத்தாயிரம் டாலருக்குள் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’ 1977-ல் முடிந்த படம். முறையாக வெளிவந்தது 2007-ல். முப்பது வருடம். பாட்டு உரிமைக்கு மட்டும் 1,50,000 டாலர் ஆனது. படம் எடுத்த செலவு போலப் பதினைந்து மடங்கு.

துரோகக் கதையும் கடன் வாங்கிய பாட்டும் என்ற இந்தக் கலவைக்கு ஒரு மூதாதை உண்டு, அதன் கதையும் ஹோம் வீடியோக்காரர்களுக்குப் பாடம்தான். டெனிஸ் பாட்டர் எழுதி 1978-ல் பி.பி.சி.யில் ஆறு பகுதிகளாக வந்த ‘பென்னீஸ் ஃப்ரம் ஹெவன்’. நாயகன் ஆர்தர் ஊர் ஊராகப் போய், மெட்டும் வரிகளும் அச்சடித்த பாட்டுத்தாள் விற்கிற விற்பனையாளன்; நடித்தவர் பாப் ஹாஸ்கின்ஸ். மனைவியிடம் கிடைக்காததை ஒரு பள்ளி ஆசிரியையிடம் தேடுகிறான், அவள் வாழ்க்கையையும் சேர்த்துச் சீரழிக்கிறான். முதல் பாட்டு வருகிற இடம் மறக்க முடியாது. காலை நேரம், படுக்கையறை, மனைவி முகம் கொடுக்கவில்லை. ஆர்தர் வாயைத் திறக்கிறான். வருவது எல்ஸி கார்லைல் என்ற பாடகியின் குரல். கட்டை குட்டையான ஆம்பிளை வாயிலிருந்து 1930-களின் இசைத்தட்டுக் கீறலோடு ஒரு பெண் குரல்! நம் சினிமா இரண்டையும் ஒட்டவைக்கப் பாடுபடும். பாட்டர் ஒட்டாமல் விடுவதற்காகவே பாடுபட்டார். இன்னொன்றும் உண்டு: ஆர்தர் பெட்டியில் வைத்து விற்பது முதல் பூட்டின் சரக்கு, அவன் வாயில் வருவது இரண்டாவது பூட்டின் சரக்கு.

எம்.ஜி.எம். இதை வாங்கி, கதையைச் சிகாகோவுக்கு மாற்றி, ஸ்டீவ் மார்ட்டினைப் போட்டு 1981-ல் படமாக எடுத்தது. இயக்கம் ஹெர்பர்ட் ராஸ், ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். சுமார் 2.2 கோடி டாலர் செலவு, அமெரிக்க வசூல் 90 லட்சத்தைச் சுற்றி. படுதோல்வி. மார்ட்டினின் காமெடிப் படமான ‘தி ஜெர்க்’ பார்த்துச் சிரித்தவர்கள் அதே ஆள் மனைவியை ஏமாற்றிக் கடைசியில் செய்யாத கொலைக்குத் தண்டனை பெறுவதைப் பார்க்கத் தயாராக இல்லை. ஆனால் இதில் கிறிஸ்டோஃபர் வாக்கன் மதுக்கடை மேடைமேல் ஏறி டாப் டான்ஸ் ஆடிக்கொண்டே சட்டையைக் கழற்றுகிற ஒரு காட்சி இருக்கிறது, அதற்காகவே வாங்கலாம். கால் நூற்றாண்டு கழித்து டர்ட்டுரோ படத்தில் அதே வாக்கன் கிட்டியின் உறவுக்காரர் ‘போ’ என்ற பாத்திரமாக வந்து, ‘டெலைலா’ பாட்டோடு தன் பழைய துரோகக் கதையைச் சொல்லி ஆடுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தே வைத்த கும்பிடு.

கொடுமை என்னவென்றால், உரிமை வாங்கியபோது எம்.ஜி.எம். அசல் தொடரை மறுபடி ஒளிபரப்பக் கூடாது என்று பி.பி.சி.யின் கையைக் கட்டிவிட்டது. படம் தோற்றது, கட்டு மட்டும் அவிழவில்லை. தயாரிப்பாளர் கெனித் டிராட் போராடி உரிமையை மீட்ட பிறகு, 1990-ல்தான் பி.பி.சி. அதைத் திரும்பக் காட்டியது. நகல் தானும் பிழைக்கவில்லை, பத்து வருடம் மூலத்தையும் பிழைக்கவிடவில்லை. 2004-ல்தான் இரண்டும் டிவிடியாக வந்து, மக்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. என் ஓட்டு தொடருக்கு. ஆனால் நிறமும் வெளிச்சமும் பார்க்க வேண்டுமானால் படம்தான்.

பாட்டு உரிமை ஒரு படத்தின் டிவிடியை எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்பதற்குக் கைமேல் உதாரணம் நினா பேலியின் ‘சீதா சிங்ஸ் த ப்ளூஸ்’, 2008. இது துரோகம் பற்றிய படம் என்பதைவிட, செய்யாத துரோகத்துக்குச் சந்தேகிக்கப்படுகிறவர்களின் கதை. பேலியின் கணவர் வேலைக்காகத் திருவனந்தபுரம் வருகிறார். பின்னாலேயே பேலியும் வருகிறார். இடையில் அவர் நியூயார்க் போயிருக்கும்போது, திரும்பி வர வேண்டாம் என்று கணவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அந்தக் காயத்தோடு ராமாயணத்தைப் படித்தவர், தீக்குளித்த சீதையை 1920-களின் அமெரிக்கப் பாடகி அனெட் ஹான்ஷாவின் குரலில் பாட வைத்துத் தனியாளாகக் கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்தார்.

பிரச்சினை, ஹான்ஷாவின் ஒலிப்பதிவுகளில் இல்லை. அவை பழசாகி அந்தப் பூட்டு கிட்டத்தட்டத் திறந்தே கிடந்தது. மெட்டும் வரிகளும் மட்டும் இன்னும் கம்பெனிகளின் கையில். முதலில் கேட்ட தொகை 2,20,000 டாலர் அளவுக்கு இருந்தது; பேசிப் பேசிச் சுமார் 50,000 டாலருக்கு இறங்கியது. அதையும் கடன் வாங்கித்தான் கட்டினார். அதற்கு மேல் டிவிடிக்கு ஒரு வரம்பு: ஐயாயிரம் தட்டைத் தொட்டால் மறுபடி பணம். பேலி என்ன செய்தார்? 4,999 தட்டு அடித்தார். படத்தை இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டார், 2013-ல் தன் உரிமையையும் மொத்தமாகத் துறந்தார். அந்த ஒரு தட்டுக் குறைவு எந்தச் சட்டப் புத்தகத்தையும்விடத் தெளிவாக விஷயத்தைச் சொல்கிறது.

திரும்பவும் நிக், கிட்டி, துலாவிடம் வருகிறேன். வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். படத்தின் நீளம் ஒன்றே முக்கால் மணி நேரம். முதல் பாதியில் பாட்டுக்குப் பாட்டு புது யோசனை. தீப்பிடித்த கட்டடத்தில் சிவப்பு உடையில் துலா அறிமுகமாகும் இடம், சர்ச்சில் பாடகர் குழுவோடு கிட்டி பொங்குவது, கடைக்கே போய் நடக்கிற சக்களத்திச் சண்டை. கடைசிப் பகுதியில் நிக்குக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் படம் வேகம் குறைகிறது, பாட்டும் குறைகிறது. தலைப்பில் உள்ள சிகரெட் வட்டி கேட்டு வருகிறது. பலருக்கு இந்தத் திருப்பம் பிடிக்கவில்லை. எனக்கும் முதல் தடவை இழுவையாகத்தான் இருந்தது. கண்டோல்ஃபினி 2013-ல் 51 வயதில் இறந்துபோன பிறகு பார்த்தபோது அந்த அமைதியான காட்சிகளை வேகமாக ஓட்டித் தள்ளிவிட மனம் வரவில்லை.

ஒரு சின்ன வேடிக்கை: நிக்கின் மகள்களில் ஒருத்தியாக வருகிற அய்டா டர்ட்டுரோ, கண்டோல்ஃபினியைவிட ஒரே ஒரு வயது இளையவர். ‘சொப்ரானோஸ்’ தொடரில் அவருக்கு அக்காவாக நடித்தவர். பெரிய பெரிய பெண்கள் கொல்லைப்புறத்தில் பேண்டு வாசித்துக்கொண்டு அப்பா அம்மா சண்டையில் கட்சி கட்டுவதை டர்ட்டுரோ விளக்கவே இல்லை, கூசாமல் அப்படியே விட்டுவிட்டார்.

வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக ‘ரீஜன்’ என்று பிரித்துப் பூட்டியிருப்பார்கள். அமெரிக்கத் தட்டு ரீஜன் 1. நம் நாட்டு பிளேயர்கள் ரீஜன் 5. முன்பு நண்பர் ஒருவர் அங்கிருந்து ஆசையாகக் கொண்டுவந்த தட்டைப் போட்டுவிட்டு, ‘இந்த ரீஜனுக்கு இல்லை’ என்று திரையில் வந்த அறிவிப்பையே குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா ரீஜனும் ஏற்கும் பிளேயரோ, கம்ப்யூட்டர் டிரைவோ இருந்தால் கவலையில்லை. ஸ்ட்ரீமிங்கில் எப்போதாவது தலைகாட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்கலாம். ஆனால் இவ்வளவு பாட்டுச் சாவி தொங்குகிற படம் அங்கே இன்று இருக்கும், நாளைக்குக் காணாமல் போகும். அலமாரியில் இருக்கிற தட்டை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போவதில்லை.

கையில் கிடைத்ததும் ஒன்று செய்து பாருங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்த முதல் பாட்டை மட்டும் இரண்டு தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை ஹம்பர்டிங்கின் குரல் மட்டும்தான் கேட்கும். ரீவைண்ட் செய்து மறுபடி கேட்டால், அந்த மெத்தென்ற குரலுக்கு அடியில் கண்டோல்ஃபினி மூச்சு வாங்கிக்கொண்டே, சுருதி கொஞ்சம் இறங்கி, விடாமல் பாடிக்கொண்டிருப்பது பிடிபடும்.